பேராண்டி சீட்டு அடிக்கப் போறானாம்

ஏலே பேராண்டி, சொந்தமா ஒரு சீட்டாட்டம் கண்டுபிடிச்சு, வீட்டுப் பிரிண்டர்லயே அடிச்சு, தீபாவளிக்குக் கூடுற சொந்தக்காரங்களை எல்லாம் வட்டமா உக்கார வச்சு ஆட வைக்கப் போறியாமே? கேட்டதும் வயிறு குளுந்துபோச்சு. நம்ம வம்சத்துல சீட்டுல காசை விட்டவன் உண்டு, உழவு மாட்டை விட்டவன் உண்டு. சீட்டையே உண்டுபண்ணப் புறப்பட்டவன் நீதான் முத ஆளு. ஒங்க ஆச்சிகிட்ட சொன்னேன். "அவனுக்கு அங்க ஆபீஸ்ல சோலி ஒண்ணும் இல்லையா?"ன்னு கேக்கா. அவ கெடக்கா, நீ விடாத.

வாட்ஸ்அப்ல நீ அனுப்பின விதிப் புத்தகத்தைக் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் படிச்சேன். சோழர் படையெடுப்பாம். யானைப்படைக்கு ஒரு பலமாம், குதிரைப்படைக்கு ஒரு பலமாம், மழை பெஞ்சா ரெண்டுக்கும் பலம் கொறையுமாம், கப்பல்ல ஏத்துனா மறுபடி கூடுமாம். மொத்தம் 180 சீட்டு, 24 பக்கம் விதி. பிரமாதம். நம்ம தெக்குத் தோட்டத்துப் பத்திரம்கூட அம்புட்டுப் பக்கம் கிடையாது. அதுக்கே பங்காளிகளுக்குள்ள மூணு தலைமுறையா வழக்கு ஓடுச்சு. ரொம்ப நல்லாத்தான் யோசிச்சிருக்க. எனக்கு ஒரே ஒரு சின்ன சந்தேகம்: இதை யாரு ஆடப் போறாக?

முதல்ல ஆளைச் சொல்லு. தீபாவளி மத்தியானம் கறிச்சோறு தின்னுட்டுப் பட்டாசாலையில சாயப் போறது யாருன்னு ஒரு தாள்ல எழுது. ஒங்க பெரியத்தைக்குச் சாளேஸ்வரம். கண்ணாடியை எங்க வச்சோம்னு அவ தேடி எடுக்குறதுக்குள்ள ஒரு ஆட்டம் முடிஞ்சிரும். ஒங்க மாமா இருக்காகளே, மாப்பிள்ளையைக் கொறையாச் சொல்லப்படாது, அவுக தங்கமான மனுசர். தோத்தா மட்டும் மூணு நாளைக்கு யாரோடயும் பேச மாட்டாக. ஒங்க சித்தப்பன் விதியைச் சொல்லி முடிக்கு முன்னாலயே "சரி சரி, ஆட ஆடத் தெரிஞ்சிரும், போடு"ன்னு கையை நீட்டுறவன். அவன் பெத்தது பத்து வயசு வாலு, ஒரு எடத்துல பத்து நிமிஷம் குண்டி தரிக்காது. ஒங்க ஆச்சிக்கு எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனா நம்பர் அத்துபடி, பால் கணக்குல ஒரு ரூவா விட மாட்டா. இவுகதான்டா ஒன் கிராக்கி. இவுக முன்னால உக்காந்து யானைப்படையோட மழைக்காலப் பலத்தை விளக்கப் போற ஒன்னை நினைச்சா எனக்கு இப்பவே கண்ணு கலங்குது.

பெருசா ஒரு ஆட்டம் செய்யணும்னு ஆசைப்படுறது தப்பே இல்ல. மைசூர் மகாராசா மும்மடி கிருஷ்ணராஜ உடையாரும் ஆசைப்பட்டாரு. 1799ல சின்னப் புள்ளையாப் பட்டத்துல உக்காந்தவரு. 1831ல வெள்ளைக்காரன் நிர்வாகத்தைக் கையில எடுத்துக்கிட்டான், அப்புறம் ராசாவுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? 1868ல கண்ணை மூடுமுன்னே கஞ்சிபா சீட்டுல விதவிதமா ஆட்டம் உண்டுபண்ணி வச்சிட்டாரு. எல்லாம் கையால தீட்டுன சாமி படம். ஏற்கெனவே இருந்த மொகலாயக் கஞ்சிபாவுக்கு 96 சீட்டு, தசாவதாரக் கஞ்சிபாவுக்குப் பத்து அவதாரம், அவதாரத்துக்குப் பன்னெண்டுன்னு 120. இதுவே ஜாஸ்தின்னு நாம நினைக்கோம். ராசா 360 சீட்டு வரைக்கும் போனாரு. அவருகிட்ட அரண்மனை இருந்துச்சு, ஓவியர் இருந்தாக, தோத்தாலும் சிரிச்ச முகத்தோட எந்திரிக்கிற மந்திரிமார் இருந்தாக. "ராசா, இந்த விதி எனக்கு வெளங்கலை"ன்னு சொல்ல எவனுக்குத் தைரியம் வந்திருக்கும்? ஒனக்கு அந்த வசதி கிடையாது பேராண்டி. ஒன் சபையில ஒங்க சித்தப்பன் இருக்கான்.

இந்தப் பக்கமும் பாரு. ஜப்பான்ல செய்ஜி கனாய்னு ஒருத்தர் 2012ல 'லவ் லெட்டர்'னு ஒரு ஆட்டம் கொண்டு வந்தாரு. அப்போ மொத்தமே 16 சீட்டு. கையில ஒண்ணு இருக்கும், கட்டுல இருந்து ஒண்ணு எடுக்கணும், ரெண்டுல ஒண்ணைக் கீழ போடணும். அம்புட்டுதான். ஊர் ஊரா, நாடு நாடாப் போய் விக்குது. ஏ4 தாள்ல ஒம்பது சீட்டு பிடிக்கும்ல, அப்போ அந்த ஆட்டம் ரெண்டே தாள்ல அடங்கி, ரெண்டு சீட்டுக்கு எடமும் மிச்சம். ஒன் சோழர் படைக்கு இருபது தாள் வேணும், அதுவும் கலர்ல. மை தீந்துச்சுன்னா ஒங்க அப்பன்கிட்ட என்ன சொல்லுவ? யானை குடிச்சிருச்சுன்னா?

இதெல்லாம் கெழவனுக்கு எப்படித் தெரியும்னுதானே பாக்குற? செல்போனை ஒனக்கு மட்டுமா குடுத்திருக்கான்? ராத்திரி தூக்கம் வராதவன் எம்புட்டுப் படிப்பான்னு தூங்குறவனுக்கு என்ன தெரியும்?

யூனோ கதை தெரியுமா ஒனக்கு? அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல மெர்ல் ராபின்ஸ்னு ஒருத்தர், முடிவெட்டுற கடை வச்சிருந்தாரு. 'கிரேஸி எய்ட்ஸ்'னு ஒரு பழைய சீட்டாட்டத்துல இது விதியா, அது விதியான்னு மகனோட வாக்குவாதம். நம்ம வீடா இருந்தா சீட்டைத் தூக்கி அடுப்புல போட்டிருப்போம். அந்த மனுசன் என்ன செஞ்சாருன்னா, வாக்குவாதத்துக்கு எடமே இல்லாம, எந்தச் சீட்டு என்ன செய்யும்கிறதை அந்தச் சீட்டு மூஞ்சியிலயே போட்டுட்டாரு. 1971ல குடும்பமாச் சேந்து 8,000 டாலர் திரட்டி 5,000 கட்டு அடிச்சாக. விக்குறதுக்கு எடம் தேடலை. முடிவெட்ட வந்தவன் தலையிலயே கட்டியாச்சு. பின்னால 50,000 டாலருக்கும், கட்டுக்குப் பத்து சென்ட் பங்குக்கும் உரிமையைக் கைமாத்தி விட்டாரு. வாங்குன கூட்டத்துக்குத் தலைமை யாருங்குற? சாவு வீட்டுக் காரியம் நடத்தித் தர்ற தொழில்காரர். மனுசன் கடைசியா யாருகிட்ட போய்ச் சேரணுமோ, ஆட்டமும் அங்கதான் போய்ச் சேந்துச்சு. அதுக்கப்புறம் 1992ல மேட்டல் கம்பெனி கைக்குப் போச்சு.

இதுல நீ எடுத்துக்க வேண்டியது டாலர் இல்ல. ஊருக்கே தெரிஞ்ச ஆட்டத்தை எடுத்தாரு, புத்தகத்துல இருக்க வேண்டிய விதியைச் சீட்டுக்கு மாத்துனாரு. நீ எவனுக்கும் தெரியாத ஆட்டத்தை எடுத்து, சீட்டுல இருக்க வேண்டியதைப் புத்தகத்துக்கு மாத்தியிருக்க. ஒன் தெறமையே தெறமை.

நம்ம ஊர் 304ஐப் பாரு. யாழ்ப்பாணத்துலயும் ஆடுறாக, இங்கயும் ஆடுறாக. கட்டுல 32 சீட்டை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தை ஓரங்கட்டிட்டு, சாக்கிக்கு 30, ஒம்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்ணுமில்ல. ஒரு சாதிக்குக் கூட்டுனா 76, நாலு சாதிக்கு 304. பேரே கணக்குதான். மேல எம்புட்டு எறங்கியிருக்கு, இன்னும் வெளிய எம்புட்டு இருக்குன்னு ஆடுறவன் மனசுலயே ஓட்டிக்கிடலாம். ராசா மூணு, ராணி ரெண்டு, சேவகன் சாக்கி முப்பதுன்னு வச்சான் பாரு, அரண்மனையில நெசமா வேலை பாக்குறது யாருன்னு தெரிஞ்சவன் போட்ட கணக்கு அது. ஒன் சோழர் படையில கூட்டுத்தொகை என்னன்னு கேட்டா நீயே லேப்டாப்பைத் தொறக்கணும்.

இங்கிலாந்துல மார்ஷா ஃபால்கோன்னு ஒரு அம்மா, நாய்க்கு வலிப்பு பரம்பரையா வருதான்னு 1974ல ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தப்போ, கணக்கு எழுதி வச்ச அட்டைகள்ல இருந்தே 'செட்'னு ஒரு ஆட்டம் பிறந்துச்சு. வடிவம், நிறம், எண்ணிக்கை, உள்பூச்சு, நாலுலயும் மும்மூணு வகை. மூணை நாலு தரம் பெருக்கு, 81. ரொம்ப வருஷம் வீட்டுக்குள்ளேயே புள்ளைகளோட ஆடித்தான் அது வெளிய வந்துச்சு. அதுவும் சரியா ஒம்பது தாள், ஒரு எடம்கூட வீணாப் போகாது. என்ன சொல்ல வாரேன்னா, அந்த அம்மாவும் சோழர் படையெடுக்கலை, கையில இருந்த சோலியைத்தான் சீட்டாக்குச்சு.

நம்ம கையில இருக்குற சோலி என்ன? மொய்.

சிரிக்காத. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனைன்னு மொய் வைக்காத மாசம் உண்டா நமக்கு? புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்துன்னே பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுறாக. நோட்டைத் தொறந்தா பேரு, ஊரு, தொகை எல்லாம் இருக்கும். அவன் வச்சதை நீ திருப்பணும், மேல கொஞ்சம் புது மொய்யும் போடணும். விதி எவனுக்கும் சொல்லித் தர வேண்டாம், தாய்ப்பாலோட குடிச்சது. ஒங்க பெரியத்தை கண்ணாடி வச்ச எடத்தை மறப்பாளே ஒழிய, ஒங்க அப்பன் கல்யாணத்துக்கு எந்த வீடு எம்புட்டு வச்சாகங்கிறதை மறக்க மாட்டா. அவளுக்குன்னே ஒரு ஆட்டம் செய்யணும்னா இதைத்தான் செய்யணும்.

நாலு தாள், 36 சீட்டு. 51 ரூவா பன்னெண்டு, 101 பத்து, 201 ஏழு, 501 நாலு, அப்புறம் வெறும் கவர் மூணு. வெறும் கவர்னா தெரியும்ல, பேரை மட்டும் அழகா எழுதி உள்ள ஒண்ணும் வைக்காம ஒட்டிக் குடுக்குறது. அந்த மூணும் எந்த வீட்டுல இருந்து வரும்னு நான் சொல்லலை. கூட்டிப் பாத்தா எல்லாம் சேந்து 5033. ஆட்டத்துக்கு வேற பேரு கெடைக்கலைன்னா அதையே வச்சுக்க.

நாலு பேரு ஆடணும். ஆளுக்கு ஏழு சீட்டு போடு. மிஞ்சுற எட்டை யாரும் பாக்காம கவுத்தி ஓரமா வச்சிரு, அது இருந்தாத்தான் அடுத்தவன் கையில என்னன்னு எவனும் எண்ணிச் சொல்ல முடியாது. ஒருத்தர் விசேஷ வீடு. மத்த மூணு பேரும் ஆளுக்கு ஒரு சீட்டைக் கவுத்தி வைக்கணும். வீட்டுக்காரர் ஒரே ஒரு தரம் பாத்துட்டு, வச்சவுக பக்கமா ஒதுக்கிக் கவுத்திரணும், மறுபடி தொடப்படாது. அடுத்து பக்கத்து ஆள் வீட்டுல விசேஷம். ஒனக்கு ஏற்கெனவே மொய் வச்சவுக வீட்டுக்கு நீ போனா, அவுக கடைசியா வச்சதுக்குக் கொறையாம வைக்கணும். கையில இல்லையா? முகத்தைச் சீராக்கிக்கிட்டு அம்பத்தொண்ணை வச்சுட்டுப் பந்தியைப் பாத்து நட. வீட்டுக்காரருக்குத் தான் வச்சது ஞாபகம் இருந்தா "நோட்டைப் பாரு"ன்னு சொல்லுவாரு. அன்னைக்கு அவரு வச்சதையும் இன்னைக்கு நீ வச்சதையும் திருப்பிப் பாக்கணும். கொறைஞ்சிருந்தா ஒனக்கு வந்த மொய்யில இருந்து ஒரு சீட்டை அவரு பாக்காம உருவிக்கிடலாம். கொறையலைன்னா நீ அவருகிட்ட உருவலாம். நாலு வீட்டுலயும் ரெண்டு ரெண்டு விசேஷம் ஆனா ஆட்டம் முடிஞ்சது. ஆளுக்கு ஆறு சீட்டு கைவிட்டுப் போயிருக்கும், ஒண்ணு மிஞ்சும். வந்த மொய்யோட அதையும் கூட்டு. யாரு கூடுதலோ அவுகதான் ஊருக்குள்ள பெரிய மனுசர்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 501ஐத் தூக்கி வச்சா தாராளம்னு நினைப்பாக. இல்ல, அது கழுத்துக்குக் கயிறு. வாங்குனவன் திருப்ப முடியாமத் தவிப்பான். மாமாவுக்கு ஐநூத்தொண்ணை வச்சுப் பாரு, அவுக நெத்தி வேர்க்கும்.

நான் சும்மா இருப்பேனா? ஒன் சித்தப்பன் வீட்டுப் புதுமனைக்கு அடிச்சு மிஞ்சுன பத்திரிகை ஒரு கட்டு பரண்ல கெடந்துச்சு. நல்ல கெட்டி அட்டை. எடுத்து வெட்டி, படம் கிடம் ஒண்ணும் இல்லாம ஸ்கெட்சுப் பேனாவால தொகையை மட்டும் எழுதி, ஒங்க ஆச்சி, பெரியத்தை, சித்தப்பன், அந்த வாலு நாலு பேரையும் உக்கார வச்சாச்சு. நான் தூண்ல சாஞ்சுக்கிட்டு வெத்தலை இடிச்சேன்.

மொத விசேஷம் ஆச்சி வீட்டுல. அத்தை ரொம்பப் பாசமா, "அம்மா, நம்மால முடிஞ்சது"ன்னு சொல்லி ஒரு சீட்டை வச்சா. ஆச்சி எடுத்துப் பாத்தா. முகத்துல ஒண்ணும் காட்டலை. அத்தை வீட்டு விசேஷம் வந்ததும் இவளும் பாசமா ஒண்ணை வச்சா. அதுவும் வெறும் கவர். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாக பாரு, அந்த ஒரு பார்வைக்கு நீ 24 பக்கம் எழுதுனாலும் ஈடாகாது. சித்தப்பன் நடுவுல, "கவுத்துன சீட்டை மறுபடி பாக்கலாமா?"ன்னான். அது வரைக்கும் அந்த விதியே இல்ல. "நோட்டை எத்தனை தரம்லே பொரட்டுவ?"ன்னு ஆச்சி போட்ட அதட்டல்தான் இப்போ விதி. வாலு ரெண்டு சீட்டைச் சேத்து வச்சு 201க்குச் சமம்னான். கூட்டுனா 202 வருதுன்னு வேற வாதம். ஒத்தைச் சீட்டுதான்னு அப்பவே முடிவாச்சு.

அப்புறம் பாத்தா அத்தை ஜெயிச்சுக்கிட்டே இருக்கா. யாருகிட்ட உருவுனாலும் 501ஐயே உருவுறா. வெவரம் என்னன்னா, பத்திரிகையை வெட்டுனப்போ ஒரு துண்டோட முதுகுல பிள்ளையார் காது, இன்னொண்ணுல தும்பிக்கை நுனி, தங்கக் கலர்ல. காது 501, தும்பிக்கை 201. சாளேஸ்வரக்காரிக்கு அது மட்டும் நல்லாத் தெரியுது! நான் வேணும்னேதான் அந்தத் துண்டைச் சேத்தேன், யாரு கண்டுபிடிக்காகன்னு பாக்க. நீ நம்பலைன்னா போ.

அதனால முதுகுல கவனம் வையி. சீட்டுக்கு மூஞ்சியை விட முதுகு முக்கியம். ரெண்டு பக்கமும் அடிக்கிறேன்னு நீ கெளம்புவ; வீட்டுப் பிரிண்டர்ல பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் நகந்துதான் விழும். பார்டர் போட்ட முதுகுன்னா ஒரு பக்கம் தடிச்சும் ஒரு பக்கம் மெலிஞ்சும் போயி, நாலாவது ஆட்டத்துல எல்லாச் சீட்டும் எல்லாருக்கும் அடையாளம் தெரிஞ்சிரும். சுலபமான வழி சொல்றேன். தேஞ்சுபோன ரம்மிக் கட்டு ஒண்ணு எடு. தாள்ல அடிச்சதை வெட்டி, அந்தச் சீட்டுக்கு முன்னால வச்சு, ரெண்டையும் சேத்து பிளாஸ்டிக் உறையில சொருகு. முதுகு கம்பெனி முதுகு, மூஞ்சி மட்டும் ஒன் மூஞ்சி. விதி மாறுச்சுன்னா தாளை மட்டும் உருவி மாத்திக்கிடலாம். கோந்து தடவி ஒட்டுறேன்னு மட்டும் எறங்காத. ஈரம் பட்டுக் காஞ்சதும் அட்டை வளைஞ்சு எந்திரிச்சு நிக்கும்.

அளவு 63க்கு 88 மில்லிமீட்டர். அகலத்துல மூணு, நீளத்துல மூணு. 189க்கு 264 ஆச்சா, ஏ4 தாள் 210க்கு 297, சுத்தி ஓரம் தாராளமா இருக்கு. அடிக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து'ன்னு ஒரு பொத்தான் இருக்கும், அதைத் தொடாத, நூறு சதவீதத்துலயே அடி. தொட்டா சீட்டு சுருங்கி உறைக்குள்ள லொடலொடன்னு ஆடும். எப்பவும் எழுதுற 80 ஜி.எஸ்.எம். தாள் உறைக்குள்ள போறதுக்குப் போதும். உறை இல்லாமத்தான் ஆடுவேன்னா 300 ஜி.எஸ்.எம். பக்கம் போகணும், அதை வீட்டுப் பிரிண்டர் முழுங்குமாங்கிறது அதோட சாமர்த்தியம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸுக்குப் போனா அடிச்சும் தருவாக, கட்டிங் மிஷின்ல கட்டு கட்டா வெட்டியும் தருவாக. வீட்டுல வெட்டுறதுன்னா இரும்பு ஸ்கேலும் பிளேடும், கத்தரிக்கோல் ஆகாது. மூலையை வளைக்க என்ன செய்வன்னு கேளேன்? நகவெட்டி. ஒவ்வொரு மூலையிலயும் ஒரு நறுக்கு. கழுவிட்டுச் செய்யி, ஆச்சி அதைத் தேடிக்கிட்டிருக்கா.

இன்க்ஜெட் மையின்னா ஈரக் கை பட்டா இழுகிரும். தீபாவளி மத்தியானம் நம்ம வீட்டுல ஈரமில்லாத கை எது, எண்ணெயில்லாத கை எது? லேசர்ல அடிச்சா தப்பிச்ச.

தொகையை எடது மேல் மூலையில பெருசாப் போடு. சீட்டை விசிறியா விரிச்சுப் பிடிச்சா வெளிய தெரியுறது அந்த மூலை மட்டும்தான். நீ நடுவுல பெருசா ஒரு பந்தி வரைஞ்சு, தொகையை அடியில எறும்பு எழுத்துல போட்டிருந்தன்னா, அத்தை ஒவ்வொரு சீட்டையும் உருவி மூக்குக்கு நேரே பிடிச்சுப் பாப்பா, பக்கத்துல இருக்குற சித்தப்பனும் சேந்து பாப்பான். கலரை மட்டும் நம்பாத. சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாத ஆம்பளைக இருக்காக, அவுகளே அதை வெளிய சொல்ல மாட்டாக. யூனோக்காரனே 2017ல கலருக்குக் கலர் ஒரு குறி போட்டு ஒரு கட்டு விட்டான். நீயும் 201க்கு ரெண்டு வாழைமரம், 501க்கு ஒரு குத்துவிளக்குன்னு எதையாவது போட்டு வையி. படத்தை நீயே வரை, இல்ல அந்த வாலை வரையச் சொல்லு. ஆட்ட விதியை இன்னார் சொத்துன்னு எவனும் சொந்தம் கொண்டாட முடியாது, படம் அப்படி இல்ல, வரைஞ்சவன் சொத்து. கம்ப்யூட்டரே வரைஞ்சு தரும்கிற. போன தரம் நீ அனுப்பின யானைக்கு நான் கால் எண்ணிப் பாத்தேன், அஞ்சு. சோழன் ஏன் தோத்தான்னு அப்பத்தான் வெளங்குச்சு.

இப்போ ஒனக்கு ரொம்பக் கஷ்டமான வேலை ஒண்ணு சொல்றேன். எல்லாம் அடிச்சு வெட்டி முடிச்சதும், சீட்டுக் கட்டையும் விதி எழுதுன ஒத்தைத் தாளையும் அவுக நடுவுல வச்சுட்டு, நீ வாயைப் பொத்திக்கிட்டு உக்காரணும். தப்பா ஆடுனாலும் பேசப்படாது. "அப்படி இல்ல அத்தை"ன்னு ஆரம்பிச்சன்னா தோத்தது ஆட்டம் இல்ல, ஒன் விதித் தாள். எந்த வரியில திருதிருன்னு முழிக்காகளோ அந்த வரியை அடி. எங்கயாவது ரெண்டு பேரு ஒரே நேரத்துல சத்தம் போட்டாகன்னா அங்க கையை வைக்காத, ஆட்டம் அங்கதான் இருக்கு. வாலு எந்திரிச்சு ஓடுனான்னா அதுக்கு முந்தின நிமிஷம் என்ன நடந்துச்சுன்னு குறிச்சுக்க. சும்மா உக்காந்து அடுத்தவன் மொகத்தைப் பாக்க விட்டிருப்ப. மொய் ஆட்டத்துல அந்தத் தொல்லை கம்மி, விசேஷம் யாரு வீட்டுல நடந்தாலும் மத்தவன் கையிலயும் சோலி இருக்கு.

மாமா பேச்சை நிறுத்துவாகன்னு ஒரு பயம் இருக்குல்ல? ஆட்டத்தைச் சின்னதா வையி. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சா தோத்தவுகளே "இன்னொண்ணு போடு"ன்னு கேப்பாக. ரெண்டு மணி நேரம் ஓடித் தோத்தா மூணு நாள் மௌனம்தான்.

கலைக்கிறதும் ஒரு சங்கதி. 52 சீட்டுக் கட்டை ரெண்டாப் பிரிச்சு இடைசெருகிக் கலைச்சா ஏழு தரத்துலதான் நல்லாக் கலையும்னு 1992ல டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ்னு ரெண்டு கணக்குக்காரங்க எழுதி வச்சாக. ஒன் உறை போட்ட சீட்டு வழுக்கிக்கிட்டு ஓடும், அந்த வித்தையெல்லாம் அதுல நடக்காது. பாயில கொட்டி ரெண்டு கையாலயும் அலசு. வாலுக்கு அந்த வேலையைக் குடு, எந்திரிச்சு ஓட மாட்டான்.

ஒரு தாள் கூடுதலாவே அடிச்சு வச்சுக்க. வெறும் கவர்ல ஒண்ணு கட்டாயம் காணாமப் போகும், அது எங்க போச்சுன்னு விசாரிக்காத. ஒங்க அத்தை ஊருக்குப் போறப்போ ஒரு கட்டு கேப்பா. அங்க போயி 1001ன்னு ஒரு சீட்டைச் சேத்து விதியையும் மாத்திருவா. மாத்தட்டும்.

காசு வச்சு ஆடலாமான்னு சித்தப்பன் கேப்பான். ரம்மி பெரும்பாலும் தெறமையால ஆடுறதுதான்னு உச்ச நீதிமன்றமே 1968ல சொல்லிருச்சுன்னு சட்டமும் பேசுவான். ஒங்க ஆச்சி கோர்ட்டுல அந்தத் தீர்ப்பு செல்லாது. புளியங்கொட்டை வச்சு ஆடுங்க. தோத்தவுக எல்லாரோட காபி டம்ளரையும் கழுவணும்னு ஒரு விதி சேரு. அத்தையும் ஆச்சியும் கையைத் தூக்கி அப்பவே நிறைவேத்திருவாக. எழுவது வயசு தாண்டின ஆம்பளைக்கு அந்த விதி பொருந்தாதுன்னு தாளுக்கு அடியில சின்ன எழுத்துல ஒரு வரி போட்டுரு. அத்தை கண்ணாடியைத் தேடி எடுக்குறதுக்குள்ள நான் ரெண்டு ஆட்டம் ஆடி முடிச்சிருவேன்.